மெராரி புத்திரரின் பங்கு
(நமது கேரவன் வண்டியைக் குறித்து ஒரு விளக்கம்)





சென்ற இதழோடு அனுப்பிய வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு, நம் பழைய தாங்குநர் ஒருவர் எழுதியிருந்தார். "ஐயா, நான் கொடுப்பது ஏழைகளின் மருந்துக்கு. கிராம ஊழியக் கணக்கில் டயர், கிரீஸ், பலகை, தார்ப்பாய் என்றே பாதிப் பக்கம் போயிருக்கிறதே. இதை விளக்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். கேட்டது நியாயமானது. காணிக்கை கொடுப்பவர்களுக்கு அது எங்கே போகிறதென்று அறிய உரிமை உண்டு. மாதத்தில் பல நாள் அந்த வண்டியோடு போய் வருகிறவன் என்பதால், பதில் எழுதும்படி சூப்பரிண்டெண்டென்ட் அம்மா என்னிடம் சொன்னார்கள்.

வண்டி எப்படிப்பட்டது?

ஓட்டப்பிடாரம் வட்டாரக் கிராமங்களுக்கு நாம் கொண்டுபோவது, ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் ஒரு சிறிய வீட்டு வண்டி. ஊர்ப் பிள்ளைகள் அதைக் கண்டதும் "சினிமா கேரவன் வந்துருச்சு" என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடிவருவார்கள். உள்ளே ஒரு பரிசோதனைக் கட்டில், கைகழுவும் தொட்டி, மருந்து அலமாரி, சிறிய குளிர்ப்பெட்டி, பின்பக்கம் இரண்டு பேர் படுக்க மடக்குப் பலகை ஆகியவை உண்டு. வெளியே ஒரு பக்கம் தார்ப்பாய்ப் பந்தலை இழுத்துக் கட்டினால், அது காத்திருப்போர் உட்காரும் இடம்.

"இப்போது 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, பின்னும் இந்த வண்டி எதற்கு?" என்று கேட்கலாம். அந்த வசதிகளுக்காக நாம் தேவனைத் துதிக்கிறோம். அவர்கள் செய்வதை நாம் மறுபடி செய்யப் போகவில்லை. நாம் கொண்டுபோவது முக்கியமாகக் கதவுள்ள ஓர் அறை. பள்ளிக்கூட வராந்தாவில் பல் பார்க்கலாம், கண் பார்க்கலாம், ஆறாத கால் புண்ணுக்குக் கட்டுப்போடலாம். ஒரு தாயாருக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்ய முடியாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைத்து ஒரு நிமிஷம் பார்த்தால், சந்தேகத்துக்குரிய இடம் வெள்ளையாகத் தெரியும். பரிசோதனை அவ்வளவு எளிது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவும், ஆடாத கட்டிலும் வேண்டும். அவை இல்லாவிட்டால் நம் தாய்மார் வரமாட்டார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, ஊரார் கண்ணெதிரே பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கவும் மாட்டார்கள்.

இந்த மண்ணில் கூடாரம் போட்டவர்கள்

ஊர் ஊராகப் போய்த் தங்கி ஊழியம் செய்வது நமக்குப் புதிதல்ல. 1854ல் சி.எம்.எஸ். மிஷனெரிகளான ராக்லாந்து ஐயரும், மெடோஸ் ஐயரும், ஃபென் ஐயரும் வட திருநெல்வேலிச் சுற்றூழியத்தைத் தொடங்கினார்கள். நிலையான பங்களா இல்லாமல், கூடாரத்தில் குடியிருந்து, இந்த வறண்ட சீமையின் கிராமங்களைச் சந்திப்பதே அவர்கள் திட்டம். ராக்லாந்து ஐயர் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் ஃபெல்லோவாயிருந்த கணித மேதை. அவர் 1858 அக்டோபர் 22ந் தேதி சிவகாசியில், தமது 43ம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பின்னாளில் வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் மோட்டார் வண்டியில் மருந்துப் பெட்டிகளோடு புறப்பட்டு, சாலையோர மரநிழல்களில் நிறுத்தி நிறுத்தி வைத்தியம் பார்த்தார்கள். 1991ல் பம்பாயிலிருந்து லைஃப்லைன் எக்ஸ்பிரஸ் என்னும் ரயில் ஆஸ்பத்திரியே புறப்பட்டது. கூடாரமானாலும் ரயிலானாலும், போகிற இடத்தில் ஒழுங்காக நிறுத்தத் தெரிந்தால்தான் வேலை நடக்கும்.

கரிசல் மண்ணின் குணம்

நம் வண்டியின் செலவு புரிய வேண்டுமானால் கரிசல் மண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். இதிலுள்ள களி, தண்ணீர் பட்டால் உப்பும்; காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையுமளவு வெடிப்பு விடும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்தால் போதும், சக்கரத்தில் அப்பை அப்பையாக ஒட்டிக்கொண்டு மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். ஈரத்தை வெகுநாள் பிடித்து வைப்பதால்தான் பருத்தியும், உளுந்தும், கம்பும், சோளமும் இதில் மானாவாரியாக விளைகின்றன. பயிருக்கு ஆசீர்வாதமான அதே குணம் வண்டிக்குச் சோதனை.

ஆகையால் நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. கண்மாய்க் கரைக்கு உட்புறமும், உழுத நிலமும் கூடவே கூடாது. சரள் போட்ட பள்ளிக்கூட மைதானம், கோயில் முன்வெளி, பழைய களம் போன்றவை நல்லவை. டிரைவர் தம்பி முதலில் இறங்கிக் கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பார்ப்பார். மேலே காய்ந்து அடியில் ஈரமாயிருந்தால் கடப்பாரை சொல்லிவிடும். மழை நாளில் ஊருக்குள் போகாமல் தார்ச் சாலை ஓரத்திலேயே நிறுத்தி, ஆட்களை அங்கே வரச் சொல்லுகிறோம்.

அடுத்தது காற்று. ஆடி மாதத்தில் கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே மேல்காற்று, நம் பந்தலையும் பிய்த்துக்கொண்டு போகும். அந்த மாதங்களில் வண்டியின் மூக்கை மேற்கே பார்க்க நிறுத்துகிறோம். கதவு இடது பக்கம் இருப்பதால் பந்தல் தெற்கே அமையும். அக்காலத்தில் உச்சி வெயிலும் சற்று வடக்கே சாய்ந்திருப்பதால் தெற்குப் பக்கம் கொஞ்சம் நிழல் கூடுதல். வெடித்த மண்ணில் முளை நிற்காது. ஈர மண்ணில் இழுத்த இழுப்புக்கு வந்துவிடும். எனவே காலிச் சாக்குகளைக் கொண்டுபோய் அந்தந்த ஊர் மண்ணையே நிரப்பி, பந்தல் கயிற்றை மூட்டைகளில் கட்டுகிறோம். பந்தல் துணி ஓரம் கிழிந்தபோது, ஆயத்த ஆடைக்குப் பேர்போன புதியம்புத்தூரில் கொடுத்து இரட்டைத் தையல் போட்டு வாங்கினோம்.

நிறுத்துகிற முறை

இதில் வரிசை மாறக்கூடாது.

முதலாவது, ஜீப்பிலிருந்து கொக்கியைக் கழற்றுமுன்பே இடவலம் மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்து, தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தின் கீழ்ப் பலகை போட்டு, ஜீப்பாலேயே அதன்மேல் ஏற்றுகிறோம். கழற்றியபின் பக்கவாட்டில் தூக்க வழியில்லை.

இரண்டாவது, இரு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கட்டை வைக்காமல் கொக்கியைக் கழற்றினால் வண்டி தன் பாட்டுக்கு உருண்டுவிடும். ஆள் நசுங்குவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, முன்னாலுள்ள சிறு சக்கரத்தை இறக்கி, கொக்கியைக் கழற்றி, அதே சிறு சக்கரத்தைத் திருகி முன்பின் மட்டம் பார்க்க வேண்டும்.

நான்காவது, நான்கு மூலையிலும் உள்ள ஊன்றுகால்களை இறக்க வேண்டும். வண்டியைத் தூக்குவதற்கென்று பலர் இவற்றை நினைக்கிறார்கள். அது தவறு. பாரம் சக்கரங்களிலேயே இருக்கவேண்டும். கால்கள் ஆட்டத்தை நிறுத்த மட்டுமே. அவற்றால் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டு, கதவு சாத்தாமற் போகும்.

ஊன்றுகாலின் கீழே பனம்பலகை போடுகிறோம். காலின் அடி நாலங்குலச் சதுரம். அதாவது 16 சதுர அங்குலம். பலகை ஓரடிச் சதுரம். அதாவது 144 சதுர அங்குலம். அதே பாரம் ஒன்பது மடங்கு பரப்பில் பரவுவதால் கால் மண்ணில் புதையாது. கணக்கில் "பலகை" என்று ஒரு வரி பார்த்தீர்களே, அது இதுதான்.

கடைசியாக, மூன்று பேர் உள்ளே ஏறி, குதித்து ஆட்டிப் பார்க்கிறோம். ஆடாவிட்டால்தான் சிஸ்டர் கட்டிலில் விரிப்பு விரிப்பார்.

நான் செய்த பிழை

இந்தப் பலகையைப் பற்றி ஒரு காரியம் அறிக்கையிட வேண்டியவனாயிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் அதிகாலை. புறப்படும்போது சாமான் பட்டியல் என் கையில் இருந்தது. பலகைகளில் இரண்டு குறைவதாக டிரைவர் சொன்னார். ஸ்டோர் சாவி வைத்திருந்தவர் இன்னும் வரவில்லை. "நேரமாகிறது தம்பி, ஒரு நாள்தானே, கல்லை வைத்துச் சமாளிப்போம்" என்று சொல்லிவிட்டேன்.

முந்தின இரவு தூறல் விழுந்திருந்தது. பத்து மணிக்குள் கதவுப் பக்கத்து இரண்டு கால்களும் மண்ணில் இறங்கிவிட்டன. தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கும் ஒரு விதவைத் தாயார், வெகு நாள் தயங்கியபின், சிஸ்டரின் வார்த்தையை நம்பிப் படியேறினார். கட்டிலில் கால் வைத்ததும் வண்டி ஒரு பக்கம் அசைந்தது. "யாத்தே, இது ஆடுதே! எனக்கு வேண்டாம் சிஸ்டரம்மா" என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். வெளியே காத்திருந்தவர்களில் மேலும் சிலர் அவரைப் பார்த்து எழுந்து போனார்கள்.

அவர் மறுபடி நம்மிடம் வந்தது பதினொரு மாதம் கழித்து, இரத்தப்போக்கு கண்டபின். நோய் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து, தேவ கிருபையால் இன்று உயிரோடிருக்கிறார். ஆனால் அந்த வாரங்களில் வேலையும் போயிற்று, காதிலிருந்த தோடும் போயிற்று. "முதல் முறையே பார்த்திருந்தால் இத்தனை சிகிச்சை தேவைப்பட்டிருக்குமா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "உறுதியாகச் சொல்ல முடியாது ஐயா. குறைவாக இருந்திருக்கலாம்" என்றார்கள். அந்தத் தாயாரிடம் பலகையின் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அடுத்த தடவை கொண்டு வாங்க ஐயா" என்றார். அன்று முதல் பலகை எண்ணாமல் வண்டி கேட்டைத் தாண்டுவதில்லை.

வருஷாந்தரப் பராமரிப்பு

வைகாசி வெயிலில் முகாம்கள் குறையும்போது வண்டியை ஷெட்டில் ஏற்றிச் செய்கிற வேலைகள் இவை.

டயர்: கேரவன் டயர் தேய்ந்து கெடுவதைவிட வயதாகி, வெயிலில் வெடித்துக் கெடுவதே அதிகம். பார்வைக்குப் புதிதாயிருக்கும். பக்கச் சுவரில் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1022 என்றால் 2022ம் ஆண்டின் பத்தாம் வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டினால் மாற்றிவிடுகிறோம். ஓடாத நாளில் சக்கரத்துக்குத் துணி மூடி போடுகிறோம். சக்கரம் மாற்றினால், முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

பேரிங்: வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் அடைக்கிறோம். கரிசல் சேறும் தூசியும் உள்ளே போனால் பேரிங் பிடித்துக்கொள்ளும், சக்கரமே கழன்றுவிடலாம். வழியில் நிறுத்தும்போதெல்லாம் டிரைவர் சக்கர நடுவைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒரே சூடாயிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் ஏதோ கோளாறு.

கொக்கியும் சங்கிலியும்: பந்துக் கொக்கிக்குக் கிரீஸ் வைத்து, பூட்டு விழுகிறதா என்று மேலே இழுத்துப் பார்க்கிறோம். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் விழாமல் சங்கிலி தாங்கும். பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மூக்கின்மேல் இருக்கும்படி சாமான் அடுக்குகிறோம். பின்பக்கம் பாரம் கூடினால் ஓட்டத்தில் வண்டி பாம்புபோல் நெளிந்து ஜீப்பையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

தண்ணீர்: பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பு, பம்பை அரித்துவிடும். ஆகையால் நாமே கொண்டுபோகிறோம். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ என்பதால் தொட்டி அச்சுக்கு நேர்மேலே இருக்கிறது. மாதம் ஒருமுறை, 100 லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனியே கரைத்துத் தெளியவைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, இரவு முழுதும் வைத்து, காலையில் குழாய் வழியாக எல்லாவற்றையும் வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசுகிறோம்.

பேட்டரி: சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2க்கு இறங்கினால் பாதிதான் மீதி. அதற்குக் கீழே போகவிட்டால் பேட்டரியின் ஆயுசு குறையும். தடுப்பு மருந்து இருக்கும் குளிர்ப்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்பது இதை நம்பித்தான்.

கேஸ்: கருவிகளை அவிக்கும் அடுப்புக்கு ஒரு சிலிண்டர் உண்டு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் பெட்டியின் அடித்தளத்தில் துவாரம் விட்டிருக்கிறோம். அதை அடைக்கக்கூடாது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கிறோம். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வழக்கம் அறவே கூடாது.

கூரை: புரட்டாசிக்கு முன் எல்லா மூட்டுகளுக்கும் அடைப்புப் பசை வைக்கிறோம். ஊசித் துவாரம் போதும். பலகை உள்ளே ஊறி உளுத்துப்போவது வெளியே தெரியாது. எலி ஒயரைக் கடிக்காதபடி ஒயர் போகும் துவாரங்களைக் கம்பிவலையால் அடைக்கிறோம்.

கூண்டு வண்டில்களும் முளைகளும்

எண்ணாகமம் 7ம் அதிகாரத்தில், இஸ்ரவேலின் பிரபுக்கள் ஆறு கூண்டு வண்டில்களைக் காணிக்கையாகக் கொண்டுவந்ததை வாசிக்கிறோம். இரண்டு பிரபுக்களுக்கு ஒரு வண்டில் வீதம் சேர்ந்து கொடுத்தார்கள். மோசே கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டில்களும், மெராரி புத்திரருக்கு நான்கு வண்டில்களும் கொடுத்தார். மெராரி புத்திரருக்கு ஏன் அதிகம்? பலகைகளும், தூண்களும், பாதங்களும், முளைகளும், கயிறுகளும் அவர்கள் சுமை. பரிசுத்த பணிமுட்டுகளைத் தோளில் சுமந்த கோகாத் புத்திரருடைய வேலை கண்ணுக்கு மகிமையாய்த் தோன்றும். ஆனால் மெராரி புத்திரர் முளைகளை மறந்துவிட்டு வந்தால், பெட்டியை வைக்கக் கூடாரமே நின்றிராது. 4ம் அதிகாரத்தில், அவர்கள் சுமக்கும் சாமான்களைப் பேர்பேராக எண்ணிக் கொடுக்கும்படி தேவனே கட்டளையிடுகிறார். பலகையையும் முளையையும் பேர் சொல்லி எண்ணச் சொன்ன தேவன் அவர்.

செமினரியில் படித்த நாளில் அந்த அதிகாரத்தை வேகமாகப் புரட்டிப் போயிருக்கிறேன். இரண்டு பலகையை விட்டுச் சென்ற பிறகே நின்று வாசித்தேன்.

ஆகவே, கேள்வி எழுதிய அன்பருக்கு என் பதில் இது. நீங்கள் மருந்துக்கென்று குறித்து அனுப்பியது ஒரு பைசாவும் குறையாமல் மருந்துக்கே போயிருக்கிறது. கணக்கை எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். டயருக்கும் கிரீஸுக்கும் போனது, குறிப்பிடாமல் பொது ஊழியத்துக்கென்று வந்த காணிக்கை. அதை வீண் செலவு என்று எண்ண வேண்டாம். அந்தத் தாயார் போன்றவர்கள் படியேறும்போது வண்டி ஆடாமலிருக்க அது செலவாயிற்று.

ஜெபத்துக்கும் ஸ்தோத்திரத்துக்கும்:

1. இதுவரை சாலைகளில் விபத்தின்றிக் காத்த கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள்.

2. சிகிச்சை முடிந்து மீண்டும் வேலை தேடிக்கொண்டிருக்கும் அந்தத் தாயாருக்காகவும், அன்று எழுந்து போய் இன்னும் திரும்பி வராத சகோதரிகளுக்காகவும் பாரத்தோடு ஜெபியுங்கள்.

3. டிரைவர், சிஸ்டர்மார், டாக்டரம்மா ஆகியோரின் சரீர சுகத்துக்காக ஜெபியுங்கள்.

4. மழைக்காலத்துக்கு முன் இரண்டு டயர்களும் ஒரு ஸ்டெப்னியும் மாற்றவேண்டியிருக்கிறது. இரண்டு பிரபுக்கள் சேர்ந்து ஒரு வண்டில் கொடுத்ததுபோல், இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு டயரைத் தாங்க விரும்பினால், காணிக்கைச் சீட்டில் "வண்டி" என்று குறித்து அனுப்புங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆஸ்பத்திரி சாப்ளின்